சேர், பக்கத்துக் கலக்ஸி எங்க?



சென்ற வருடம் செப்டம்பரில், எங்கள் வளவிலிருந்து எடுத்த அன்ட்ரொமீடா கலக்ஸியின் படமொன்றை இங்கே போட்டிருந்தோம். உங்களில் பலர் மாஷா அல்லாஹ் சொன்னீர்கள், பகிர்ந்தீர்கள். பாடசாலைச் சுவரிலும் அதைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். அந்தப் படம் பிழை. எடுத்தது சரி, எடுத்த பிறகு நாங்கள் செய்தது பிழை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் உயர்தரம் படிக்கும் மூன்று பொடியன்கள், ஒரு பௌதிகவியல் சேர், கல்யாண வீடுகளில் உழைத்துக் களைத்த ஒரு பழைய கெனன் கெமரா. பிறகு தரம் ஒன்பது பிள்ளையொன்றும் சேர்ந்துகொண்டது. அது பிறகு வரும்.

தொடக்கம் 2022. கரண்ட் வெட்டுக் காலம் ஞாபகமிருக்கும். சில நாட்கள் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் இருட்டு. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வளவில் பாயைப் போட்டுக் கிடந்தோம். பால்வீதியை முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகள் "சேர், இது முகிலா?" என்று கேட்டார்கள். கரண்ட் வந்தது, பால்வீதி போனது. ஆசை மட்டும் மிஞ்சியது.

அன்ட்ரொமீடா எங்களிடமிருந்து ஏறக்குறைய 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கும் தெரியும். அதைப் பற்றி எழுதி வைத்தவர்களில் எங்களுக்குத் தெரிந்த முதலாமவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. 964ஆம் ஆண்டளவில் இஸ்பஹானிலிருந்து எழுதிய நூலில், அரபிகள் வானத்தில் கண்ட பெரிய மீனின் வாய்க்கு முன்னால் ஒரு சிறு முகில் இருப்பதாகக் குறித்தார். தொலைநோக்கி வருவதற்கு அறுநூறு வருடங்களுக்கு மேல் முன்பு.

இதை வகுப்பில் சொன்னபோது அந்தத் தரம் ஒன்பது பிள்ளையின் வாப்பாவுக்கும் கதை போயிருக்கிறது. அவர் ஆழ்கடலுக்குப் போகிறவர். பிறகொரு நாள் சந்தியில் மறித்துச் சொன்னார்: "அந்தப் புகையப் பத்தியா சேர் சொன்னீங்க? கடலுக்க நாங்க எந்த நாளும் காணுற. முகிலாக்கும் எண்டுதான் நினைச்ச. ஆனா காத்தடிச்சாலும் அது நகராதே."

எங்கள் வளவில் அந்தப் புகை தெரியாது. தெருவிளக்கு, கடைகளின் போர்டு, விளையாட்டு மைதானத்து வெளிச்சம். அதனால் கண்ணை விட்டுக் கெமராவை நம்பினோம். ஆனால் பூமி சுற்றுவதால் நீண்ட நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். கெமராவும் வானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். அதற்கான கருவி வாங்க எங்களுக்கு வசதியில்லை. எங்கள் ஊர் ஓடாவி ஒருவர் இரண்டு பலகையையும் ஒரு பிணைச்சலையும் வைத்து, புத்தகம் திறப்பதுபோல் திறக்கும் ஒன்றைச் செய்து தந்தார். பிணைச்சலிலிருந்து சரியாக 228.6 மில்லிமீற்றர் தள்ளி 6 மில்லிமீற்றர் போல்ட் ஒன்று. அதன் புரி ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றர் ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று கையால் திருப்பினால், பலகை பூமி சுற்றும் வேகத்திலேயே திறக்கும். பதினைந்து செக்கனுக்குக் கால் சுற்று. ஒரு பொடியன் போனில் செக்கன் எண்ண, மற்றவன் திருப்புவான். "228.6ஆ சேர்? அந்தப் பொயின்ட் ஆறு எனக்கு ஏலா" என்று ஓடாவி சிரித்தாலும் அளவு பிசகவில்லை.

பிணைச்சல் வடதுருவத்தை நோக்க வேண்டும். எங்கள் அகலாங்கு ஏழரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு என்பதால் துருவ நட்சத்திரம் அடுத்த வீட்டு மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். திசைகாட்டியாலும் பாகைமானியாலும்தான் சரிசெய்தோம். 50 மில்லிமீற்றர் லென்ஸுக்கு அது போதும்.

முதல் இரவு 30 படம், ஒவ்வொன்றும் 30 செக்கன். மொத்தம் 15 நிமிடம். கணினியில் அடுக்கிப் பார்த்தால் நடுவில் மங்கலாக ஒரு பொட்டு, சுற்றிவர முழுக்க மணல் தூவினாற்போல். அந்த மணலைத்தான் இரைச்சல் என்கிறோம்.

அது எப்படி வருகிறது? சிறு தூறலில் வளவெங்கும் சிரட்டைகளை நிமிர்த்தி வைத்ததாக நினையுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒன்றில் நான்கு துளி, பக்கத்துச் சிரட்டையில் ஒன்பது. மழை எல்லா இடமும் ஒரே அளவில்தான் பெய்தது, துளிகள் மட்டும் முறை வைத்து விழவில்லை. வெளிச்சமும் அப்படித்தான் கெமராவுக்குள் துளித்துளியாக விழுகிறது. சராசரியாக 100 துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் 10 அளவில் இருக்கும். அது நூற்றுக்குப் பத்து. 10,000 துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். வர்க்கமூலக் கணக்கு. இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு படம் வேண்டும், காலாக்கப் பதினாறு மடங்கு.

எங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. ஒரு பொடியன் போனில் இலவச செயலியொன்றைக் காட்டினான். ஒரு பொத்தான், அவ்வளவுதான். மணல் முழுக்கப் போய், சுருள் கைகள் தெளிவாக வந்து, ஆங்காங்கே இளஞ்சிவப்புப் பொட்டுகளும் பூத்துவிட்டன. பதினைந்து நிமிட வெளிச்சத்தில் இவ்வளவு வருமா என்று எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தும் போட்டோம். உங்கள் லைக்குகள் வரத் தொடங்கிய பிறகு சந்தேகப்பட நேரமும் இருக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, இடைவேளையில் அந்தப் பிள்ளை விஞ்ஞானகூட வாசலில் வந்து நின்றது. கையில் கொப்பி. நட்சத்திர வரைபடத்தைப் பார்த்துப் பென்சிலால் கீறியிருந்தது.

"சேர், பக்கத்துக் கலக்ஸி எங்க?"

அன்ட்ரொமீடாவுக்கு அருகில் எம்110 என்றொரு சிறிய மங்கலான கலக்ஸி இருக்கிறது. எங்கள் படத்தில் அது இல்லை. இன்னும் பதினொரு நட்சத்திரங்களும் இல்லை என்று இலக்கம் போட்டு வைத்திருந்தது. இல்லாத இடத்தில் இரண்டு நட்சத்திரம் இருப்பதாகவும் சொன்னது. செயலி மங்கலானதையெல்லாம் இரைச்சல் என்று எண்ணித் துடைத்திருக்கிறது. துடைத்த இடத்தில், கலக்ஸி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தானாகவே கீறியிருக்கிறது.

அன்றைக்கே சுவரிலிருந்து கழற்றினோம். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து எடுக்க இவ்வளவு நாள் எடுத்தது. வெட்கம்தான், வேறு காரணமில்லை. சரியான படத்தை எடுத்துவிட்டுச் சொல்வோம் என்று எங்களையே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

1888இல் ஐசக் ரொபர்ட்ஸ் என்பவர் லிவர்பூலுக்கு அருகே தன் சொந்த அவதான நிலையத்திலிருந்து அன்ட்ரொமீடாவைப் படமெடுத்தார். தொழிலால் கட்டட வேலைக்காரர். சுருள் வடிவம் முதலில் தெரிந்தது அந்தப் படத்தில்தான். புதிய சூரியக் குடும்பமொன்று உருவாவதாக அவர் எண்ணினார். எண்ணம் பிழை, அது வேறொரு கலக்ஸி என்பதற்கு 1923இல் எட்வின் ஹபிள் எடுத்த தட்டில்தான் பிடி கிடைத்தது. ஆனால் ரொபர்ட்ஸின் படத்தில் யாரும் எதையும் மாற்ற வேண்டி வரவில்லை. இதை வாசித்த இரவு எங்களுக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

இந்த வருடம் கச்சான் காற்று ஓய்ந்து, வாடை மழை தொடங்குமுன் கிடைத்த நிலவில்லாத இரவுகளை எடுத்துக்கொண்டோம். இம்முறை 480 படம், நான்கு மணித்தியாலம். போன தடவையின் பதினாறு மடங்கு.

கூட்டினால் எல்லா இரைச்சலும் குறையும் என்றுதான் நினைத்திருந்தோம். குறையாது. கடையில் ஒரு தராசு 50 கிராம் பிழையென்றால் ஆயிரம் தரம் நிறுத்தாலும் அந்த 50 கிராம் அப்படியே நிற்கும். கெமராவின் சில புள்ளிகள் எங்கள் ஊர் வெக்கையில் தாமாகவே எரியும். அதற்கு லென்ஸை மூடிக்கொண்டு அதே 30 செக்கனில் 30 இருட்டுப் படம் எடுத்துக் கழித்தோம். இருபது படத்துக்கு ஒரு தடவை கெமராவைக் கொஞ்சம் நகர்த்தினோம், எரியும் புள்ளி ஒரே இடத்தில் விழாமலிருக்க. லென்ஸின் தூசுக்கும் ஓர இருளுக்கும், சுபஹ் தொழுதுவிட்டு வந்து விடியும் வானத்தை வெள்ளை டீ-ஷர்ட்டுக்கு ஊடாக எடுத்து வகுத்தோம். அடுக்கியது சிரில் என்ற இலவச மென்பொருளில்.

மிச்சமிருந்தது ஒரு பல்பு. பக்கத்து வளவு மூத்தம்மாவுடையது. கடல் பக்கம் பார்த்து விடிய விடிய எரியும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அது ஒரு இரவும் அணைந்ததில்லை. அந்த அலையில் அவருக்கு யார் யார் போனார்கள் என்று ஊருக்குத் தெரியும். வானத்து வெளிச்சத்தைக் கணக்கில் கழித்துவிடலாம், ஆனால் அந்த வெளிச்சம் கொண்டுவரும் இரைச்சலைக் கழிக்க முடியாது. இதெல்லாம் தெரிந்தும் அணைக்கச் சொல்லி அவரிடம் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. கூடுதலாக இன்னும் படம் எடுப்போம் என்று முடிவெடுத்தோம்.

மூன்றாம் இரவு அந்த பல்பு தானாகவே பியூஸ் போனது. எங்கள் படத்தின் பின்னணி பாதியளவு இறங்கியது. பொடியன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அஸருக்குப் பிறகு நாங்களே ஏணி வைத்துப் புது பல்பு போட்டோம். மேலே பால்மா டின்னொன்றை வெட்டி மூடிபோல் மாட்டினோம். வெளிச்சம் நிலத்துக்கும் கடல் பக்கத்துக்கும் போகும், மேலே போகாது. மூத்தம்மா கட்டிலில் படுத்துப் பார்த்து, கேட் தெரிகிறதா, ஒழுங்கை தெரிகிறதா என்று சரிபார்த்த பிறகே சம்மதித்தார். "முந்தியவிட வெளிச்சமா இரிக்கி மகன்" என்றார். உண்மைதான், மேலே வீணானதும் இப்போது கீழே விழுகிறது.

கீழே இருப்பது புதிய படம். போன தடவையைவிட அழகு குறைவு. சுருள் கைகள் இலேசாகத்தான் தெரிகின்றன, இளஞ்சிவப்புப் பொட்டு ஒன்றுமில்லை, உற்றுப் பார்த்தால் மணலும் இருக்கிறது. ஆனால் கலக்ஸியின் மேல் பக்கத்தில், பெருவிரலால் பூசினாற்போல் மங்கலாக ஒன்று நிற்கிறதே, அதுதான் எம்110. போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தோம். வரைபடத்தோடு மூன்று நாள் வைத்திருந்தது. பதினொரு நட்சத்திரத்தில் ஒன்பது இருக்கிறதாம், மற்ற இரண்டும் எங்கள் வளவிலிருந்து பிடிபடாத அளவுக்கு மங்கலாம். பழைய படத்தை இன்று நீக்குகிறோம். பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீங்களும் நீக்கிவிடுங்கள்.

வாடை மழை தொடங்கிவிட்டது. பலகை குசினிப் பரணில். உப்புக் காற்றில் பிணைச்சல் துருப்பிடித்திருப்பதால் ஓடாவியிடம் மறுபடி போக வேண்டும். மார்ச், ஏப்ரலில் தெற்கு வானத்தில் சென்டாரஸ் ஏ கலக்ஸி நல்ல உயரத்துக்கு வரும். அதற்கு எங்கள் லென்ஸ் சிறிது. யாரிடமாவது கெனனுக்குப் பொருந்தும் பழைய 200 மில்லிமீற்றர் லென்ஸ் சும்மா கிடந்தால் இரண்டு மாதத்துக்கு இரவல் தாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ். வீட்டு வெளி பல்புக்கு மூடி வேண்டுமென்றால் வெறும் பால்மா டின்னோடு சனிக்கிழமை வாருங்கள். பொடியன்கள் வெட்டித் தருவார்கள்.