தகப்பனுக்கு என்ன வேலை?

புன்னக்காயல் கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "எத்தனை பிள்ளைங்க, ஸார்?" என்று நம்மை வினவினார். "ஒரே பெண்" என்றோம். அவள் பிறந்த கதையைச் சொல்ல நா எழவில்லை. இங்கே சொல்லிவிடுகிறோம்.

மணமாகி எட்டு வருஷம் நமக்குப் பிள்ளையில்லை. உறவினர் நம் மனைவியை மலடி என்றனர்; நாம் வாய் திறக்கவில்லை. அவளை மட்டுமே வைத்தியரிடம் அனுப்பிவந்தோம். கடைசியில் நம்மையும் பரிசோதித்தபோது, குறை நம்முடையதென்று தெரிந்தது.

ஒற்றை விந்தணுவை நுண்ணூசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் முறையில் முதற் குழந்தை 1992-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தது. அம்முறையே நமக்கும் கைகொடுத்தது. செலவில் பாதி அவள் சம்பளம். ஊசிகளின் வலியோ முழுதும் அவளுடையது.

நமது நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமாகாத ஸ்திரீயும் தானமாகக் கிடைத்த விந்தணுவால் தாயாகலாம். சம்பாத்தியமும் அவளுக்குண்டு. பின், புருஷனுக்கு வீட்டில் என்ன வேலை என்று நண்பர்கள் அங்கலாய்க்கிறார்கள்.

மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் நெற்றியில் ஈரத்துணி மாற்றியவர் நாம். அந்த வேலையை எந்தச் சாஸ்திரமும், எந்தச் சட்டமும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை. வாய் திறக்காதிருந்த அந்த எட்டு வருஷந்தான் இன்னும் உறுத்துகிறது.

மறுமுறை அம்முதியவரைக் கண்டால் முழுக்கதையும் சொல்வோம். குறை எவருடையது என்பதையும் சேர்த்து.