இல்லாத இடத்தை வாடகைக்கு விடுவது

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு சர்வர் ரூமில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் அங்கே டிஸ்க் இடத்தைப் பங்கு பிரிக்கிற விதம் அக்கவுன்டன்சிக்கு ரொம்பப் பக்கம்.

லினக்ஸ் சர்வர்களில் இந்த வேலையைச் செய்வது எல்விஎம். 1998-இல் ஹைன்ஸ் மவெல்ஸ்ஹாகன் எழுதியது. தனித்தனி டிஸ்குகளை வால்யூம் குரூப் என்ற ஒரே பானையில் போட்டு, 4 எம்பி துண்டுகளாக நறுக்கி, கேட்பவருக்குக் கேட்ட அளவு கொடுக்கிறது. அப்படிக் கொடுப்பதுதான் லாஜிக்கல் வால்யூம். 4 டிபி டிஸ்க் மூன்று இருந்தால் பானையில் 12 டிபி. அதில் 6 டிபி வால்யூம் கேட்டால் முதல் டிஸ்க் முழுதும், இரண்டாவதில் பாதியும் போகும். வாங்கியவருக்கு இந்த ஒட்டு தெரியவே தெரியாது!

தெரிவது ஒரு டிஸ்க் செத்த அன்றைக்குத்தான். பாதி இருக்கிறதே என்று ஆறுதல்பட முடியாது. பாதி போன ஃபைல் சிஸ்டத்திலிருந்து கிடைப்பதெல்லாம் பொறுக்கியெடுத்த சில்லறைதான்.

அதனால் அடியில் ரெய்டு போடுகிறார்கள். பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் எழுதிய கட்டுரையில் வந்த பெயர். அதில் உள்ள 'ஐ' அப்போது 'மலிவான' என்பதைக் குறித்தது, பிறகு 'தனித்தனியான' என்று மாறிவிட்டது. (மலிவு என்று சொல்லிக்கொண்டு விலை அதிகம் வைப்பது கஷ்டம்தானே!) ரெய்டு 5-இல் 4 டிபி டிஸ்க் நான்கு போட்டால் 12 டிபி கிடைக்கும், ஒரு டிஸ்க் அளவு காப்புக்குப் போகும். ஒன்று செத்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் புது டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நிரப்பினாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. எல்லா டிஸ்கும் ஒரே நாளில் வாங்கியவை என்றால் வயசும் ஒன்றுதான்...

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சுவாரஸ்யமானது தின் ப்ரொவிஷனிங். பானையில் இருப்பது 8 டிபி, பன்னிரண்டு துறைகளுக்கு ஆளுக்கு 1 டிபி என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. எழுதும்போதுதான் நிஜ இடம் கொடுப்பார்கள். ஆளுக்கு 300 ஜிபி எழுதினால் 3.6 டிபிதான் செலவு, எல்லோரும் சந்தோஷம். வங்கி செய்வதும் இதுதான், டெபாசிட் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் வங்கிக்கு சிஆர்ஆர் என்று ரிசர்வ் வங்கி ஒரு பங்கை ஒதுக்கிவைக்கச் சொல்கிறது. இங்கே அப்படிக் கேட்க ஆள் இல்லை.

பானை நிறைந்தால் அதிகம் எழுதியவர் மட்டும் மாட்டுவதில்லை. 50 ஜிபி எழுதிய சாதுவுக்கும் புது இடம் கிடைக்காது. அவர் திரையில் 950 ஜிபி காலி என்றே காட்டும்! எல்விஎம் சாதாரணமாக 60 நொடி காத்திருக்கும், அதற்குப் பிறகு பிழைதான்.

ஃபைல்களை அழித்தால் இடம் திரும்புமா? தானாகத் திரும்பாது. வீட்டைக் காலி செய்துவிட்டு சாவியை ஓனரிடம் கொடுக்காமல் போவது மாதிரி. ஃபைல் சிஸ்டம் 'டிஸ்கார்ட்' சொன்னால்தான் பானைக்குத் தெரியும், அதற்கு எஃப்எஸ்ட்ரிம் என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். பானை நிறையும் முன்பே தானாகப் பெரிதாக்கும் வசதியும் எல்விஎம்மில் உண்டு. அதன் வரம்பு 100 சதவீதம் என்றே வைக்கப்பட்டு வருகிறது. 100 என்றால் அணைத்துவைத்திருக்கிறது என்று அர்த்தமாம்.