மலாக்காவைப் பிடித்த மன்னரின் வீட்டில் ஒரு நாள்

போர்த்துகல் தலைநகர் லிஸ்பனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளை ஒதுக்கிச் சிந்த்ராவுக்குப் போய் வருவார்கள். சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் காடு மூடிய ஒரு மலைத்தொடர். அதன் உச்சியிலும் அடிவாரத்திலும் அரண்மனைகள். மலையைத் தாண்டி மேற்கே இறங்கினால் அட்லாண்டிக் பெருங்கடல். லிஸ்பன் ரோசியோ நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடத்தில் போய்விடலாம்; அங்கிருந்து மலையேறப் பேருந்தும் உண்டு. நாங்கள் ஓட்டுநருடன் தனிக் கார் எடுத்தோம். அம்மாவின் முழங்கால்தான் காரணம்.

அம்மா மலாக்கா, பண்டார் ஹிலிரில் வளர்ந்தவர். பள்ளி விட்டதும் தோழிகளோடு விளையாடிய இடம் ஆ ஃபாமோசா கோட்டை வாசல். ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தபோது பாரிஸ், ரோம் எதையும் அவர் கேட்கவில்லை. "மலாக்காவுக்கு வந்தவனுங்க எங்கேருந்து வந்தானுங்கன்னு பாக்கணும்" என்றார். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. ஐந்நூறு வருடப் பழைய கோபம்.

தனிக் கார் பயணம் என்றாலே நிறைய இடம் பார்க்கலாம் என்று நினைப்போம். பயண நிறுவனங்களின் துண்டுப் பிரசுரங்களும் அப்படித்தான் ஆசை காட்டுகின்றன: நான்கு அரண்மனை, மூன்று கடற்கரை, எட்டு மணி நேரம். சொந்த வண்டி இருப்பதன் உண்மையான லாபம் வேறு. வேண்டாததை அடித்துவிடலாம், பிடித்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம். நாங்கள் இரண்டு அரண்மனைகளையும், ரோகா முனையையும், கஸ்காயிஸ் ஊரையும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

முதலில் பெனா அரண்மனை. அங்கே குறிப்பிட்ட நேரத்துக்கான சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். காலையில் முதல் ஆட்களாகப் போவது நல்லது. நுழைவாயிலிலிருந்து அரண்மனை வரை செங்குத்தான ஏற்றம். அதற்குச் சிறிய பேருந்து விடுகிறார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் தயங்காமல் அதில் ஏறிக்கொள்ளுங்கள். லிஸ்பனில் வெயில் அடித்தாலும் சிந்த்ரா மலையில் மூடுபனியும் குளிரும் இருக்கும். மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: மஞ்சளும் சிவப்புமாக, பிள்ளைகளின் கதைப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்ததுபோல நிற்கும் கட்டடம். ராணி இரண்டாம் மரியாவின் கணவரான ஃபெர்னாந்து, ஜெர்மானிய வம்சத்தவர். மலையுச்சியில் பாழடைந்து கிடந்த துறவியர் மடத்தை 1838-இல் வாங்கி, அதைச் சுற்றித் தன் கனவைக் கட்டினார். சிவப்புப் பகுதி பழைய மடம். மஞ்சள் பகுதி அவர் சேர்த்த அரண்மனை. 1910 அக்டோபரில் புரட்சி வெடித்து முடியாட்சி விழுந்தபோது ராணி அமெலியா இங்கிருந்துதான் புறப்பட்டார். மகனோடு சேர்ந்துகொண்டு, எரிசெய்ரா என்ற மீனவ ஊரில் கப்பலேறி நாட்டை விட்டே போனார்.

எங்களுக்கு அந்தப் பழைய மடம்தான் முக்கியமாக இருந்தது. அதை எழுப்பியவர் மன்னர் முதலாம் மனுவேல். வாஸ்கோ ட காமாவைக் கள்ளிக்கோட்டைக்கு அனுப்பியவர் அவரே. 1511 ஆகஸ்டில் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்ததும் அவருடைய ஆட்சியில்தான். காமாவின் கப்பல்கள் திரும்புகின்றனவா என்று இந்த மலைமேல் நின்று மனுவேல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. மொட்டைமாடியில் காற்று சேலைத் தலைப்பை இழுக்க, அம்மாவும் மேற்கே பார்த்தார். மூடுபனிக்குள் கடல் இருக்கும் இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

அடுத்து ஊருக்குள் இருக்கும் தேசிய அரண்மனை. பெனாவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலர் இதற்குள் நுழைவதில்லை. வெளியே வெறும் வெள்ளைச் சுவர். கூரைமேல் 33 மீட்டர் உயரத்துக்கு இரண்டு கூம்புகள். அரண்மனைச் சமையலறையின் புகைபோக்கிகள் அவை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் பார்க்க வேண்டிய வீடு இதுதான். மனுவேல் வாழ்ந்த, விரித்துக் கட்டிய வீடு. அரபு பாணி ஓடுகள் பதித்த அறைகள், அன்னங்கள் தீட்டிய கூரை, மாக்பை பறவைகள் நிறைந்த இன்னொரு கூரை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கட்டிய சின்னங்களின் மண்டபம். தங்கம் மினுங்கும் கூரையில் 72 பிரபுக் குடும்பங்களின் சின்னங்கள். நடுவே அரசரின் சின்னம்.

அந்தக் கூரையின் கீழ் நின்றபோது எனக்குக் கணக்குத்தான் ஓடியது. இந்த மண்டபம் 1515-க்குப் பிறகு எழுந்தது. மலாக்கா விழுந்து நான்கே வருடம். அல்புகெர்க் மலாக்காவில் அள்ளிய பொக்கிஷம் இங்கே வந்து சேரவில்லை. அதை ஏற்றிய 'ஃப்ளோர் டி லா மார்' கப்பல் சுமத்ரா அருகே மூழ்கிவிட்டது. ஆனால் ஒரு கப்பல் கொள்ளையை விடப் பெரியது ஆண்டாண்டாக வந்த மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வருமானம். அரசரின் கை தாராளமானதற்கு அதுவும் ஒரு காரணம். அதே ஆண்டுகளில் மலாக்காவில் பள்ளிவாசலையும் சுல்தான்களின் கல்லறைகளையும் இடித்தெடுத்த கற்கள் ஆ ஃபாமோசா கோட்டைக்குப் போயின. அம்மா ஓடிப் பிடித்து விளையாடிய அதே கோட்டை.

இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஓட்டுநர் குறுக்கிட்டார். ஐம்பது வயதிருக்கும், எங்களோடு உள்ளே வந்திருந்தார். கயிறு முறுக்கியதுபோலக் கல்லில் செதுக்கிய சட்டத்தைக் காட்டி, "ஜனெலா மனுவெலினா" என்றார். மனுவேல் காலத்துச் சாளரம் என்று பொருள்.

அம்மா நிமிர்ந்தார். "என்ன சொன்னாரு? ஜன்னலா?"

அடுத்த அரைமணி நேரம் வரலாறு நின்றுபோனது. அம்மா ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பெயர் கேட்டார். மேசை, அங்கே 'மெசா'. அலமாரி, 'அர்மாரியு'. சாவி, 'ஷாவ்'. சட்டைப் பொத்தானைக் காட்டினால் 'பொத்தாவ்'. கைக்குட்டையை விரித்துத் துடைப்பதுபோல் காட்டினால் 'துவால்யா'; நம் துவாலை, மலாயில் துவாலா. நம் ஏலமும், இரவுச் சந்தையில் மலாய்க்காரர் கூவும் 'லேலோங்'கும் அவர்களுடைய 'லெய்லாவ்' என்ற ஒரே சொல்லிலிருந்து பிரிந்தவை. பேனாவுக்கும் மூலம் அவர்கள் மொழிதான். இறகு என்று பொருள். காலையில் பார்த்த பெனா அரண்மனையின் பெயர் மட்டும் பாறையைக் குறிக்கும் வேறு சொல்லிலிருந்து வந்ததாம்.

"நம்ம வீட்டுக்குள்ள பாதி சாமான் இவங்க பேர்லதான் இருக்கா?" என்றார் அம்மா. கேள்வியில் கோபம் இல்லை. ஆனால் சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது.

வெளியே வந்து காரில் ஏறக் கைகொடுத்த ஓட்டுநரிடம் அம்மா, "மூத்து மெர்செ" என்றார். உஜோங் பாசிர் போர்த்துகீசியக் கம்போங்கிலிருந்து வந்த பள்ளித்தோழிகளிடம் கற்றது. அவர்களுடைய கிறிஸ்தாங் மொழியில் 'மிக்க நன்றி'. ஓட்டுநர் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார். இப்போது இங்கே யாரும் இப்படி நன்றி சொல்வதில்லை, ஆனால் புரிகிறது, பழைய காலத்துப் பேச்சு மாதிரி இருக்கிறது, எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். மலாக்கா என்றதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரி என்றார். அம்மாவுக்கு அது ஊர். அவருக்கு ஒரு வரி.

சிந்த்ராவிலிருந்து வளைந்து வளைந்து மேற்கே போனால் ரோகா முனை. ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடி. சுமார் 140 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. சிவப்பு உச்சியோடு ஒரு கலங்கரை விளக்கம். சிலுவை நட்ட ஒரு கல் தூண். தூணில் கவிஞர் கமோயிஷின் வரியொன்று பொறித்திருக்கிறது. வேலிக்கு அப்பால் போய்ப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் நமக்கு வயிறு கலங்கும். தயவுசெய்து நீங்கள் போகாதீர்கள். காற்று ஆளையே தள்ளுகிறது. ஆங்கிலேய மாலுமிகள் இதை 'லிஸ்பன் பாறை' என்று அழைத்தார்கள். மாதக்கணக்கில் கடலில் கிடந்து திரும்புகிறவனுக்கு வீடு வந்துவிட்டது என்று சொல்லும் அடையாளம் இது.

வேலியோரம் காரின் மறைவில் நின்றபோது அம்மா கேட்டார்: "அவங்க வந்தப்ப மலாக்காவுல நம்ம ஆளுங்க இருந்தாங்களா?"

இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் அங்கே பெரும் செல்வாக்கோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் போர்த்துகீசிய ஏடுகள் 'நினா சாத்து' என்று குறிக்கின்றன. 1509-இல் முதலில் வந்த போர்த்துகீசியரில் சிலர் மலாக்காவில் சிறைப்பட்டபோது அவர்களுக்கு உதவியவர் இந்தத் தமிழ் வணிகர். இரண்டு வருடம் கழித்து நகரம் விழுந்ததும் அல்புகெர்க் அதற்குக் கைம்மாறு செய்தார். முஸ்லிம் அல்லாத மக்களுக்கு அவரைப் பெண்டஹாராவாக, அதாவது தலைவராக, நியமித்தார். 1514-இல் அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் அவர் சிதை அடுக்கித் தீயில் இறங்கி உயிரை விட்டார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பாவம்னு சொல்றதா, வேணும்னு சொல்றதா, ஒண்ணும் தெரியல" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. பிடித்தவன், பிடிபட்டவன் என்று இரண்டு கட்சியாகப் பிரித்து, நாம் இரண்டாவது கட்சி என்று வைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது. ஆனால் கடல் வணிகத்தில் இருந்த நம்மவர்கள் வெறும் பார்வையாளர்கள் இல்லை. லாபம் பார்த்தார்கள், பக்கம் பார்த்து நின்றார்கள், அதற்கான விலையையும் கொடுத்தார்கள். அரண்மனையை மட்டும் பார்த்துத் திரும்பியிருந்தால் அழகான கூரை என்று சொல்லிவிட்டு வந்திருப்போம். கடலை மட்டும் பார்த்திருந்தால் நல்ல காற்று என்றிருப்போம். கூரையைப் பார்த்த அன்றே அந்தக் கடலையும் பார்த்ததால்தான் இந்தக் கேள்வி வந்தது.

கடலோரமாகவே தெற்கே வந்தால் கின்ஷோ மணற்கரை, அதைத் தாண்டிக் கஸ்காயிஸ். 1870 முதல் அரச குடும்பம் கோடையைக் கழிக்கத் தேர்ந்தெடுத்த மீனவ ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நாடிழந்த இத்தாலிய மன்னர் உம்பெர்த்தோ குடியேறியதும் இங்கேதான். வலைகள் குவிந்த துறையருகே சுட்ட மத்தி மீனும் வேகவைத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். சிந்த்ராவில் வாங்கிய கெய்ஜாதா என்ற சின்னப் பாலாடைக்கட்டி இனிப்பு கையோடு இருந்தது. அம்மா மீனைப் பிட்டு வாயில் போட்டு, "சம்பல் இருந்தா போதும், இது மலாக்காதான்" என்றார். அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

லிஸ்பனுக்குத் திரும்பும் சாலை, தேஜு ஆறு கடலில் கலக்கும் கரையோரமாகவே போகிறது. பொழுது சாயும் வேளையில் பெலெம் கோபுரம் வந்தது. மனுவேல் கட்டிய காவல் கோபுரம். ஆற்று முகத்தைக் காக்க நிற்பது. ஆசியாவுக்குப் போன கப்பல்கள் புறப்பட்ட இடம் இந்தக் கரை. ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி, 1514-இல் கட்டத் தொடங்கினார்கள் என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த வருஷம்தானே நீ சொன்ன அவரு..."

"ஆமாம்மா."

"அவருக்கு மலாக்காவுல ஒரு கல்லாச்சும் வச்சிருக்காங்களா?"

நான் பார்த்ததில்லை என்றேன்.

"தேடிப் பாக்கணும்" என்றார். கோலாலம்பூரிலிருந்து மலாக்கா இரண்டு மணி நேரம்தான். அதற்குத் தனி வண்டி வேண்டாம், நானே ஓட்டிவிடுவேன்.