நிலாப் பாட்டியைக் காணோம்!

பௌர்ணமி என்றால் எங்கள் வீட்டில் ராத்திரிச் சமையல் சுருக்கம்தான். திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு வந்து, ஆளுக்கொரு தட்டில் உப்புமாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். கடலிலிருந்து நிலா செக்கச்செவேலென்று எழும்பி வரும்போது, துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல்கூட மறந்துபோகும்.

என் மூன்று பிள்ளைகளுக்கும் நிலாவில் வடை சுடும் பாட்டியைக் காட்டிச் சோறு ஊட்டியவர் என் மாமியார்தான். கடைக்குட்டி இப்போது ஆறாவது படிக்கிறாள். போன மாசி மாதம், "அது பாட்டி இல்ல ஆயா, முயல். இதோ காது!" என்று விரல் நீட்டினாள். சீனாக்காரர்களும் ஜப்பான்காரர்களும்கூட முயல் என்றுதான் சொல்கிறார்களாம். அந்தக் கறுப்பெல்லாம், முந்நூறு கோடி வருஷங்களுக்கும் முன்னால் உருகி ஓடி உறைந்த எரிமலைக் குழம்பாம். தண்ணீர் என்று நினைத்து அந்தக் காலத்தில் 'கடல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். 1969-ல் ஆர்ம்ஸ்ட்ராங் இறங்கியதும் அப்படியொரு கடலில்தான். 'அமைதிக் கடல்' என்று பேர், அலைதான் கிடையாது! நிலா எப்போதும் நமக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. அதனால் என் அம்மா எனக்குக் காட்டிய அதே பாட்டிதான் என் மகளுக்கும்.

அத்தை வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா. சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கு. ரெண்டு ரெண்டா வேற தெரியுது" என்றார்.

"பாட்டி கடையைக் கட்டிட்டா ஆயா!" என்று சின்னவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

படுத்த பிறகுதான் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே அத்தை ஆய்ந்து தரும் நெத்திலியில் தலையும் குடலும் அப்படியே கிடக்கும். "வர வர உங்களுக்கு அக்கறையே இல்ல அத்தை" என்று வெடுக்கென்று சொல்லியிருக்கிறேன். தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்று அவர் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். மங்கல், வெளிச்சத்தைச் சுற்றி வட்டம், ஒன்று இரண்டாகத் தெரிவது எல்லாமே அதன் அடையாளங்களாம். முதலில் வலது கண்ணில், புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தார்கள். சொட்டு மருந்தை ஒரு வேளை தவறாமல் நானே விட்டேன். நான் பேசின பேச்சுக்கு வேறென்ன செய்ய?

சித்ரா பௌர்ணமியன்று மாடியில் அத்தை இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இருக்காடி! பாட்டி அங்கியேதான் குந்திக்கினு இருக்கா!"

கீழே இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்குக் காசிமேட்டுல நெத்திலி வாங்கியாரச் சொல்லு. நான் ஆயறேன்."