கோவிலில்லா நகரில்

பூட்டானின் தலைநகர் திம்புவில் ஆசிரியையாயிருக்கும் நம் பங்கு மகள் ஒருத்தி குளிர்கால விடுமுறைக்கு வந்திருந்தாள். "சாமி, பொழுது சாய்ந்தால் அங்கே போக இடமில்லை" என்றாள். ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்திலுள்ள அமைதியான நகரம் அது. போக்குவரத்து விளக்கில்லை; காவலர் கையசைத்தே வண்டிகளை நடத்துகிறார். தொலைக்காட்சியே 1999-இல்தான் வந்ததாம்.

அயல்நாட்டு ஆசிரியர் அங்குப் புதியவரல்லர். கனடா நாட்டு இயேசு சபைக் குரு வில்லியம் மேக்கி 1963-இல் கல்விப் பணிக்குச் சென்று, 1995-இல் மரிக்கும்வரை அம்மக்களுடனேயே வாழ்ந்தார். பின்னர் கேரளத்தாரும் நம்மவரும் சென்றனர்.

இவர்களது நட்பு வார இறுதிக் காய்கறிச் சந்தையில் தொடங்கி, எவரேனும் ஒருவர் வீட்டுச் சாம்பாரில் முடிகிறது. ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்புகையில் குக்கரும் கம்பளியும் புதிதாக வருவோருக்குக் கைமாறும். "ஆண்டுதோறும் ஒரு பிரிவு, சாமி, அதுதான் தாங்கவில்லை" என்று கண் கலங்கினாள்.

கத்தோலிக்கக் கோவில் இல்லாமையால் ஞாயிறுதோறும் முறைவைத்து வீடுகளில் கூடுகின்றனர். மலையாளத்தில் ஒரு மறையுண்மை, தமிழில் ஒன்று எனச் செபமாலை நடக்கிறதாம். கோவிலுக்கு எதிர்வீட்டிலிருந்தும் பூசைக்குப் பிந்தி வரும் நம்மவர் சிலரை நினைத்துக்கொண்டேன்!

மீண்டும் அனுப்பத் தாய்க்கு மனமில்லை. மகளோ தமிழ்ச் செபப் புத்தகம் நான்கு கேட்டு வாங்கிச் சென்றாள். பள்ளி திறந்ததும் முதல் செபக்கூட்டம் அவள் வீட்டு முறையாம்.