படையல் சோறும் முட்டையளவு வயிறும்

மரக்காணம் என் அம்மாவின் ஊர். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். கோட்டக்குப்பம், காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை என்று பஸ் நின்று நின்று போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் உப்பு மேடுகள் கண்ணில் பட்டுவிடும். இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுதுகிறாரே என்று சிரிப்பீர்கள். வயிற்றில் அறுவை செய்துகொண்டவனுக்குச் சொந்தச் சமையலறையை விட்டு வெளியே கால் வைத்தாலே அது பயணம்தான். பாரீசாக இருந்தால் என்ன, மரக்காணமாக இருந்தால் என்ன.

2022 செப்டம்பரில், என் 71ஆம் வயதில், சென்னையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது என் எடை 121 கிலோ. சர்க்கரை இருபது வருஷமாக உண்டு. இரண்டு முழங்காலும் போய்விட்டன, இரவில் மூச்சு நின்று நின்று வரும். வயதைப் பார்த்து டாக்டர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு எல்லாப் பரிசோதனையும் முடித்து, ‘பைபாஸ்’ செய்யலாம் என்றார்கள். இது இதய பைபாஸ் இல்லை, இரைப்பை பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு கோழிமுட்டை அளவுக்குச் சின்னப் பை ஒன்றைத் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சோறு அந்தப் பக்கம் போகாது.

முப்பத்தெட்டு வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது இப்படித்தான் புரிந்தது. இரைப்பை என்பது தபால் பிரிவு. வந்த காகிதத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பதிவு செய்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பும். அந்தப் பிரிவையே எடுத்துவிட்டால் வருவதெல்லாம் நேராக அதிகாரி மேஜையில் வந்து கொட்டும். அதிகாரிக்கு மயக்கம் வரும். எனக்கும் வந்தது.

2023 மே மாதம் மாமாவின் வருஷப் படையல். அம்மாவின் தம்பி அவர். உப்பளத்தில் கணக்கு எழுதியவர். சிறு வயதில் கோடை விடுமுறைக்குப் போனால் என்னைப் பாத்திகளின் வரப்பில் நடத்திக்கொண்டு போவார். கடல் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போகக் கனம் ஏறும், மானியில் 25 டிகிரி தாண்டினால்தான் உப்பு பூக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித் தந்தது. புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, தமிழில் கற்ற முதல் விஞ்ஞானம் அதுதான். (என் தமிழில் ‘ழ’வும் ‘ள’வும் இடம் மாறியிருந்தால் வழக்கம்போல் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

படையலுக்கு மாமாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைப்பார்கள். சுறா புட்டு, நண்டு வறுவல், இறால் தொக்கு, வடை, வெல்லப் பாயசம். இறந்தவர் சாப்பிட்டதாகப் பாவித்து, பிறகு அதை உறவுக்காரர்கள் சாப்பிட வேண்டும். வேண்டாம் என்று சொல்வது சோற்றை மட்டும் மறுப்பதாகாது. அறுவை சிகிச்சை முடிந்து அப்போது எட்டு மாதம். என் கணக்கு ஒரு வேளைக்கு ஒரு டீ கிளாஸ் அளவு, அவ்வளவுதான். அத்தைக்கு, அதாவது மாமாவின் சம்சாரத்துக்கு, அப்போதே 86 வயது. என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். “இன்னா தம்பி, பாதி ஆளா வந்து நிக்கிறே? மொதல்ல குந்து, துண்ணு.”

அந்தக் குரலுக்கு முன்னால் டாக்டர் கொடுத்த அச்சடித்த தாள் என்ன செய்யும்? அதற்கு முன்பே மச்சான் வேறு பனையடிக்குக் கூட்டிப்போய்ப் பதநீர் ஊற்றிக் கொடுத்திருந்தான். மே மாத வெயில், உப்பள வெளியில் நிழல் கிடையாது, வெள்ளை மேட்டில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணைக் குத்தும். தாகத்தில் பட்டை ஓலை நிறைய மடமடவென்று குடித்துவிட்டேன். வந்து இலையில் உட்கார்ந்து பாயசமும் ஒரு கரண்டி. கால் மணி நேரம் இருக்காது. நெஞ்சு படபடவென்று அடித்தது, வேர்வை ஊற்றியது, வயிற்றைப் பிசைந்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாரடைப்பு என்று நினைத்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒரு மணி நேரம் படுத்திருந்ததும் தானாகச் சரியாகிவிட்டது.

சென்னை டாக்டர் பிறகு விளக்கினார். இனிப்பு மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுந்தால், அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். அதனால் மயக்கம், படபடப்பு. சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி இன்னொரு மயக்கமும் வரும். அவர் சொல்லும்போதே எனக்கு மாமா ஞாபகம். கருவாட்டுக்கு ஏன் உப்பு போடுகிறார்கள் என்று கேட்டதற்கு, “உப்பு தண்ணிய இழுக்கும்டா, மீன்ல இருக்கிற தண்ணிய இழுத்துடுச்சின்னா அப்பறம் கெடாது” என்றார். மீனுக்கு உப்பு செய்ததை எனக்குப் பதநீர் செய்திருக்கிறது.

உடம்பு ஒரு மணி நேரத்தில் சரியானது. அத்தை சரியாகவில்லை. என் கையால் போட்ட சோறு பிள்ளையைக் கொல்லப் பார்த்தது என்று எல்லோரிடமும் சொல்லி அழுதார்களாம். அதன் பிறகு ஒரு வருஷம் என்னை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. போன் செய்தால் “நல்லா இருக்கியாப்பா” என்று ஒரு வார்த்தை, உடனே பேரன் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அந்த ஒரு வருஷத்தில்தான் வெளியூரில் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். இதே சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இலையில் எது முதலில் என்பதுதான் முக்கியம். ‘அவசரம்’ என்று சீட்டு ஒட்டிய கோப்பு முதலில் போவதுபோல் புரதம் முதலில் போக வேண்டும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் கிட்டத்தட்ட 20 கிராம், ஒரு இட்லியில் இரண்டு கிராம் இருந்தால் பெரிது. சின்ன வயிற்றில் முதலில் சோற்றைப் போட்டால் மீனுக்கு இடமிருக்காது. பிறகு தலைமுடி கொட்டும், கை கால் சோர்ந்துவிடும். அதனால் மீன், பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் இரண்டு வாய் சோறு. கடற்கரை ஊர்க்காரனுக்கு இதில் கஷ்டமே இல்லை. ஹோட்டலில் சாப்பாடு டோக்கன் வாங்காமல் ஒரு மீன் குழம்பு கிண்ணம், ஒரு ஆம்லெட் என்று தனியாகக் கேட்கலாம். சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

பரோட்டா, ரொட்டி, குழைந்த சோறு மூன்றும் உள்ளே போய்ப் பசைபோல் அடைத்துக்கொள்ளும். நெஞ்சுக்குழியில் கல் வைத்ததுபோல் இருக்கும். வழியோரப் பன்னீர் சோடாவும் கூடாது, வாயு வயிற்றை ஊதவைக்கும். இளநீர் பரவாயில்லை, ஆனால் மடக்கு மடக்காக.

தண்ணீர்தான் பயணத்தில் பெரிய பிரச்சினை. சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். ஒரே மூச்சில் குடிக்கவும் முடியாது. ஆனால் நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போயாக வேண்டும். இந்தக் கடற்கரைச் சாலையில் என் வயது ஆண்கள் ஏன் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கழிப்பறைக்கு எங்கே போவது? பெண்களின் பாட்டைச் சொல்லவே வேண்டாம். நான் பாட்டிலில் நாலு ரப்பர் பேண்டு மாட்டியிருக்கிறேன் (ஆபீஸ் பழக்கம்). மணிக்கு ஒரு ரப்பர் பேண்டு இறங்க வேண்டும். பஸ் நிற்கிற இடமெல்லாம் கூச்சமில்லாமல் இறங்கிவிடுகிறேன்.

பையில் வேகவைத்த முட்டை இரண்டு, உப்பு குறைத்த கொண்டைக்கடலை சுண்டல், ஒரு பிடி பொட்டுக்கடலை. வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு, ஒரு நாள் ஊருக்குப் போனாலும் விடக் கூடாது. இன்னொன்று, முழங்கால் வலிக்கிறதே என்று வழியில் மருந்துக் கடையில் கேட்டு எதையாவது வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் செய்த வயிற்றில் பல வலி மாத்திரைகள் புண் உண்டாக்கும். என்ன சிகிச்சை நடந்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வைத்திருக்கிறேன். பதநீர் நாளில் அது இருந்திருந்தால் ஊரே பயந்திருக்காது.

2023 டிசம்பரில் பாரீசில் மகள் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு உணவகத்தில் பழைய பள்ளிக்கூடப் பிரெஞ்சில், சிறுவர் சாப்பாடு தர முடியுமா என்று கேட்டேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றார் அந்தப் பையன். ஐயா, என் வயிற்றுக்கு ஒரு வயதுதான் ஆகிறது என்றேன். சிரித்துவிட்டு ஒரு துண்டு மீனும் பீன்சும் கொண்டுவந்தான். வகுப்பில் ‘குர்மான்’, ‘குர்மே’ என்ற இரண்டு சொற்களையும் குழப்பியதற்கு என்னைப் பெஞ்சின்மேல் ஏற்றிய வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். முதலாவது நிறையத் தின்பவன், இரண்டாவது ருசி அறிந்தவன். எழுபது வயதுவரை நான் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை.

தின்பதில் எங்கள் பக்கத்துக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வடக்கே சென்னையைத் தாண்டி வருகிற பக்கிங்காம் கால்வாய் தெற்கே மரக்காணத்தில்தான் முடிகிறது. அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877-78 பஞ்சத்தில் வயிற்றுப் பாட்டுக்காக வந்த ஜனங்கள் வெட்டியது. எங்கள் பாட்டியின் பாட்டி பார்த்திருக்கக்கூடிய பஞ்சம். வந்தவனை முதலில் உட்காரவைத்துச் சோறு போடு என்பது அப்படி வந்த பழக்கமாகவும் இருக்கலாம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நண்பர் ஒருவர் இன்னும் பின்னால் போவார். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்வதைச் சொல்லி, அங்கே போகிற பாணனுக்குச் சுட்ட மீனும் பழைய கள்ளும் கிடைக்கும் என்று பாட்டு வழி சொல்கிறதாம். மீன் எனக்குச் சரி. கள் கூடாது, இந்த வயிற்றில் சாராய வகை எதுவும் நேரே தலைக்கு ஏறும்.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயதுப் பையன் ஒருவன் சென்னைப் பக்கம் இதேபோன்ற எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையின்போது இறந்துபோனான். டி.வி.யில் இரண்டு நாள் அதே செய்தி. அத்தை பார்த்திருக்கிறார்கள். அன்று ராத்திரியே, ஒரு வருஷம் கழித்து, அவர்களாகவே போன் செய்தார்கள். “நீ உயிரோட இருக்கியாப்பா?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பையனின் தாய் தகப்பனை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நல்லபடியாக முடிந்ததால் இது எல்லோருக்கும் சின்ன விஷயம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். “அடுத்த மாசம் படையலுக்கு வரேன் அத்தை” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “வா. ஆனா நான் ஒண்ணும் போட மாட்டேன். நீ கொண்டாந்ததையே துண்ணு.”

போனேன். எடை அப்போது 84. பையில் முட்டை, சுண்டல், ரப்பர் பேண்டு பாட்டில் எல்லாம் இருந்தது. படைத்து முடித்ததும் எல்லோருக்கும் இலை போட்டார்கள், எனக்குப் போடவில்லை. அத்தை சமையல்கட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் திண்ணையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அத்தை, சுறா புட்டு எனக்கு ஆகும். டாக்டரே சாப்பிடச் சொல்றார். பல்லு இல்லாதவனும் துண்ணலாம், அவ்வளவு மெத்து. நண்டுச் சதை ஆகும். பாயசம்தான் ஆகாது.”

“எவ்ளோ ஆகும்?”

கையைக் குவித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போனார்கள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது கையில் ஒரு பித்தளைப் பாலாடை. பிள்ளைகளுக்குப் பால் புகட்டுகிற அதே பாலாடை, என் மச்சான்மார்களெல்லாம் அதில்தான் குடித்து வளர்ந்தார்கள். புளி போட்டுத் தேய்த்திருந்தது. அதில் சுறா புட்டு கொஞ்சம், மேலே நண்டுச் சதை. “இது போதுமா பாரு. போதாட்டி இன்னொரு தாட்டி தரேன்” என்றார்கள். பேரன் பேத்தியெல்லாம் சிரித்தார்கள். சாப்பிட்டு முடிக்க எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அத்தை எழுந்திருக்கவில்லை. நடுவில் யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்ட, “அரை மணி ஆவட்டும், இப்ப குடிக்கக் கூடாது” என்று அவர்களே விரட்டினார்கள். அது யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

கிளம்பும்போது பழைய செய்தித்தாளில் சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்றை என் பையில் திணித்தார்கள். நெத்திலிக் கருவாடு. எனக்கு ரத்த அழுத்த மாத்திரையே இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்திருந்த சமயம், இவ்வளவு உப்பு கூடாது என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டில் என் சம்சாரம் அதை மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துத்தான் குழம்பு வைத்தாள்.