வளைய இயலாத குழல்

ஜவ்வாது மலையில் மார்கழிக் குளிர் மாலையிலேயே இறங்கிவிடும். இரவு ஏற ஏற ஆலயக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொடவும் கை கூசும். அத்தகைய ஓர் இரவில் நான் ஒரு பெரியவரை வருத்தினேன். அவர் மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

இந்த மலைப் பங்கிற்கு நான் மாற்றலாகி வந்த முதல் ஆண்டு. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்குப் பாடகர் குழு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. சமவெளியிலிருந்து வந்து இங்கே பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் வயலின் வாசித்தார். விடுதி மாணவி ஒருத்தி கீபோர்டு வாசித்தாள். மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து இருவர் மேளம் கொண்டுவந்தனர். அவர்களோடு வந்த பெரியவர், தாமே மூங்கிலில் துளையிட்டுச் செய்த புல்லாங்குழலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். பிற்பகல் பயிற்சியில் எல்லாம் நான்கு கட்டைச் சுருதியில் இனிதே சேர்ந்தன. இரவு பதினொரு மணிக்கு மீண்டும் தொடங்கியபோதோ குழல் தாழ்ந்து ஒலித்தது. கீபோர்டும் குழலும் ஒரே பாடலை இரு வேறு ஊர்களில் இசைப்பதுபோல் இருந்தது.

குருமடத்தில் ஹார்மோனியம் பழகியவன் என்ற தெம்பு எனக்கு. "ஐயா, இந்த ஆண்டு நீங்கள் அமர்ந்து கேளுங்கள்" என்றேன். "சரிங்க சாமி" என்றார். குழலைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைசித் தூணருகே போய் அமர்ந்தார். பாடல்கள் பிழையின்றி நடந்தேறின. நானும் நிறைவோடு உறங்கினேன்.

மூவரசர் திருநாளுக்குப் பின் அவருடைய ஊருக்குச் சென்றபோது, சாமைக் கஞ்சி தந்து உபசரித்தார். குழலைப் பற்றி நானே பேச்செடுத்தேன். அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. "குழலுக்குக் குளிருது சாமி. கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்கினா ஏறி வரும். அதுக்குள்ள பாட்டை ஆரம்பிச்சுட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது இயற்பியல் உண்மை. ஒலியின் வேகம் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 346 மீட்டர். 10 பாகையில் சுமார் 337 மீட்டர்தான். ஆகவே குழலினுள் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். அரைச் சுரத்தில் ஏறத்தாழப் பாதி அளவுகூட இறங்கிவிடலாம். வாசிப்பவரின் மூச்சுதான் அதை மெல்ல மெல்ல மீட்டெடுக்கிறது. வயலினின் உலோகத் தந்தியோ குளிரில் சுருங்கி இறுகும்; சுருதி ஏறும். மேளத்தின் தோல் பனி ஈரத்தைக் குடித்துத் தளரும், ஒலி மங்கும். மின்னணுக் கீபோர்டுக்கு மட்டும் குளிர் தெரியாது. ஒரே குளிர் ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு திசையில் இழுக்கிறது. அன்றிரவு யாரும் தவறாக வாசிக்கவில்லை. யாருக்கு எது நேர்ந்தது என்று கேட்க நான்தான் தவறிவிட்டேன்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1599-ஆம் ஆண்டு இலண்டனில் தாமஸ் மார்லி என்பவர், ஆறு கருவிகள் சேர்ந்து வாசிப்பதற்கான இசைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். உயர்குரல் வயல், அடிக்குரல் வயல், லூட், சிட்டர்ன், பண்டோரா, புல்லாங்குழல் என்பவை அவை. வயலுக்கும் லூட்டுக்கும் விலங்கின் குடலைத் திரித்த நரம்பு, சிட்டர்னுக்கும் பண்டோராவுக்கும் உலோகக் கம்பி, குழலுக்கு மரம். வில்லால் இழைப்பது, விரலால் மீட்டுவது, மூச்சால் ஊதுவது என இயல்பிலேயே வேறுபட்டவை ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தன.

அவற்றுக்குப் பொதுவான சுருதி எது? இன்றுள்ளதுபோல் உலகம் ஒப்புக்கொண்ட அளவு அன்று இல்லை. 'ஏ' என்னும் சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வுகள் என்பது 1939-இல் இலண்டனில் கூடிய மாநாடு பரிந்துரைத்த அளவு. மார்லியின் காலத்தில் ஊருக்கு ஊர், ஆலயத்துக்கு ஆலயம் சுருதி மாறியது. ஜெர்மானிய இசையறிஞர் மைக்கேல் பிரிட்டோரியஸ் 1619-இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாடுகளை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

ஒரே ஊரிலும் சிக்கல் உண்டு. அன்றைய ஆர்கன் கருவிகள் பொதுவாகச் சில இடைவெளிகளைத் தூய்மையாகவும் சிலவற்றைச் சற்றுக் குறைத்தும் அமைத்துக்கொண்டன. லூட்டின் மெட்டுகளோ ஏறத்தாழச் சம இடைவெளியில் கட்டப்பட்டன. 18-க்கு 17 என்ற விகிதத்தில் மெட்டு அமைக்கும் முறையை 1581-இல் ஒரு நூலில் விளக்கியவர் வின்சென்சோ கலிலேயி. வானியலறிஞர் கலிலேயோவின் தந்தை அவர். நம் மலையில் காவலூர் வானாய்வகத்தின் குவிமாடத்தைக் கடக்கும்போதெல்லாம், விண்மீன்களை உற்றுநோக்கிய மகனோடு, நரம்பின் ஒலியை உற்றுக்கேட்ட தந்தையும் என் நினைவுக்கு வருகிறார்.

இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவே அவர்கள் சேர்ந்திசைக்க வழிகாட்டியது எளிய நடைமுறையே. நரம்பை முறுக்கலாம், தளர்த்தலாம். அக்காலக் குழலோ பெரும்பாலும் ஒரே மரத்துண்டு. நீட்டவும் குறைக்கவும் இணைப்பு இல்லை. ஆகவே மாறக்கூடியவை, மாற இயலாததை நோக்கி வந்தன. நம் கருநாடக இசை மேடையிலும் இதைக் காணலாம். பாடகரின் குரல் எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதற்கேற்பத் தம்புராவைக் கூட்டுகிறார்கள். வயலின் தந்தியைத் திருத்துகிறார்கள். மிருதங்கத்தின் வாரைத் தட்டிச் சேர்க்கிறார்கள். அதன் இடப்பக்கத்தில் ரவைப் பசையைக் கூட்டிக் குறைக்கிறார்கள். புல்லாங்குழல் கலைஞரோ கட்டைக்கு ஒரு குழலாகப் பல குழல்களைக் கொண்டுவருகிறார். ஒரு குழலை வளைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இதைப் படித்தபோது என் தவறு முழுமையாக விளங்கியது. எங்கள் குழுவில் எளிதில் மாறக்கூடியது கீபோர்டு. அதன் பொத்தானை அழுத்திச் சுருதியை இம்மியளவும் இறக்கலாம். மாறவே இயலாதது அந்த மூங்கில். நானோ மாறக்கூடியதை அளவுகோலாக நிறுத்தி, மாற இயலாததை வெளியே அனுப்பினேன். மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்க வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய ஏட்டின் 119-ஆம் எண்ணில் கூறியிருப்பதைக் குருமடத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். அந்த மரபு குளிரில் நடுங்கியபடி வாசலுக்கு வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வலுவுள்ளவர் வலுவற்றவரின் குறையைத் தாங்கவேண்டும் என்று தூய பவுல் உரோமையருக்கு எழுதினார். குடும்பத்திலும் பங்கிலும் 'சேர்ந்து பாடுங்கள்' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் 'என் சுருதிக்கு வாருங்கள்' என்றே சொல்கிறோம். வளையக்கூடியவர் யார், வளைய இயலாதவர் யார் என்று பார்ப்பதில்லை. முதியவர், நோயாளி, எழுத்தறியாதவர் ஆகியோரிடமே வளையும்படி கேட்கிறோம்.

அந்தப் பெரியவரை மீண்டும் அழைத்தபோது உடனே இசையவில்லை. "வேண்டாம் சாமி, பிள்ளைங்க பாட்டு கெட்டுப்போகும்" என்றார். மூன்று முறை அவர் வீட்டுக்கு நடந்தேன். மூன்றாம் முறை மன்னிப்புக் கேட்டேன். முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு நடை மிச்சமாகியிருக்கும்.

அடுத்த டிசம்பரில் முன்னதாகவே கூடினோம். ஆலய முற்றத்தில் சருகு மூட்டி மேளத்தின் தோலைக் காய்ச்சினார்கள். பெரியவர் கம்பளிக்குள் குழலை அணைத்து வைத்திருந்து, பிறகு நெடுநேரம் ஊதினார். நாங்கள் காத்திருந்தோம். அவருடைய சுருதி நிலைத்தபின் மாணவி கீபோர்டை இறக்கினாள்; ஆசிரியர் வயலினைத் திருத்தினார். அதன் பிறகே பாடினோம்.

எல்லாம் செம்மையாக நடந்தது என்று சொல்லமாட்டேன். மறையுரை நீண்டுவிட்டது, அதுவும் என் பிழையே. அதற்குள் குழல் மறுபடியும் குளிர்ந்துபோனது. நற்கருணைப் பாடலில் அது சற்றே தாழ்ந்து தொடங்கியது. நான் பீடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். வயலின் ஆசிரியர் யாரும் சொல்லாமலே தம் விரலை ஓர் இழை பின்னுக்கு நகர்த்தி, அந்தப் பெரியவரோடு சேர்ந்துகொண்டார்.